கேமராவை விற்ற பிறகு மிஞ்சிய பை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். இடையில் தூக்கம் வந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வகுப்பிலேயே தூங்கியவர்கள்தானே நீங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினான். பெயர் வேண்டாம், அவன் செட்டுக்காரர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும். கோவையில் அவன் தாத்தா வீட்டை இடிக்கப் போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்திருக்கிறது. "சார், நீங்க கேமரா பை எல்லாம் சேர்த்து வைப்பீங்களே, இது எதுக்காவது ஆகுமா? காயலான் கடைக்காரர் மொத்தமா ஐந்நூறு தர்றேங்கிறார்" என்று கேட்டிருந்தான்.

படத்தில் இருந்தவை இவை. தேங்காய் ஓட்டு நிறத்தில் கெட்டியான ஒரு தோல்பை. கறுப்பாக, குட்டையான புல்லாங்குழல் போல ஒரு குழாய், அதில் எட்டிப் பார்க்க ஒரு துளை. கீல் வைத்து மூடித் திறக்கிற ஒரு உலோகத் தகடு. விரலில் மாட்டப் பெரிதாகவும் கையில் மாட்டச் சிறிதாகவும் ஒரு வளையம். மூன்று பித்தளை உருளைகள். மூடி போட்ட ஒரு அலுமினிய டப்பா, அதற்குள் விபூதி.

படத்தைப் பார்த்ததும் செய்தி தட்டிக்கொண்டிருக்கவில்லை, நேராகப் போன் போட்டேன். ஏன் அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

நான் கேமரா சேர்ப்பவன் இல்லை. அதற்கு ஆசிரியர் சம்பளமும் போதாது, பென்ஷனும் போதாது. சேர்ப்பதெல்லாம் கேமராவின் பை, மூடி, வளையம், அளவுகோல், ஒளிமானி போன்ற உதிரிகள். கேமராவை விற்கிறவர்கள் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். என் சேகரிப்பு முழுக்க அப்படி மூலையில் கிடந்தவைதான்.

படம் எடுக்கும் கலையின் முதல் அரை நூற்றாண்டில் பை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்து கோயில்களைப் படமெடுத்தார். அவருடைய சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. அடுத்த பத்தாண்டில் சாமுவேல் போர்ன் இமயமலைக்குப் போனபோது கண்ணாடித் தட்டுகளையும் ரசாயனப் புட்டிகளையும் இருட்டுக் கூடாரத்தையும் தூக்க டஜன் கணக்கில் சுமைக்காரர்கள் போனார்கள். படத்துக்குக் கீழே போர்னின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. வரலாற்று வாத்தியாருக்கு இது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவைக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள். அந்த விலையிலேயே தோல்பையும் அடக்கம். நூறு படமும் எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ரோச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டினால் படங்களைக் கழுவிப் பிரதி எடுத்து, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆக கேமரா ஊர் ஊராகப் பிரயாணம் போகிற பொருளாகிவிட்டது. தோளில் மாட்டும் பை அதன் சட்டை மாதிரி கூடவே வந்தது.

இந்த உதிரிகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 1914இல் கோடக் 'ஆட்டோகிராஃபிக்' என்று ஒரு வகை கேமராவை வெளியிட்டது. முதுகில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, கூடவே வரும் உலோகக் குச்சியால் எழுதினால், எழுத்து ஃபிலிமின் ஓரத்திலேயே பதியும். தேதி, ஊர், குழந்தையின் பெயர், எதை வேண்டுமானாலும் எழுதலாம். இந்த யோசனைக்கான உரிமையை ஹென்றி கெய்ஸ்மன் என்பவரிடமிருந்து ஈஸ்ட்மன் 3 லட்சம் டாலருக்கு வாங்கினார். இன்று அந்தக் கேமராக்கள் உலகமெங்கும் கிடைக்கின்றன. குச்சிதான் இருக்காது. கொண்டை ஊசி அளவுள்ள சாமான், எத்தனை கை மாறினாலும் நிற்குமா? 3 லட்சம் டாலர் யோசனை, குச்சி தொலைந்ததும் வெறும் கதவாக நிற்கிறது. என்னிடம் ஒரே ஒரு குச்சி இருக்கிறது, அதற்குரிய கேமரா இல்லை. என் வீட்டம்மா அதைக் காது குடையும் குச்சி என்று நினைத்து ஒருநாள் எடுத்துவிட்டார்.

இனி மாணவனின் தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

தோல்பையின் மடிப்புக்குள் எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லர் என்று முத்திரை. லைகா கேமராவைச் செய்த ஜெர்மன் நிறுவனம். லைட்ஸ், கேமரா என்ற இரண்டு சொற்களின் தொடக்கத்தைச் சேர்த்துத்தான் லைகா. ஆஸ்கர் பர்னாக் என்ற தொழில்நுட்பர், சினிமாச் சுருளை வைத்துச் சட்டைப்பை அளவில் ஒரு கேமரா செய்து பார்த்தார். முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. கடைசியில் 1925இல் லைப்ஸிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. நாம் கல்யாணங்களில் பார்த்த 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களுக்கெல்லாம் வழிகாட்டி இதுதான்.

அந்த முதல் லைகாவில் ஒரு குறை. எதிரே நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேமராவுக்குத் தெரியாது. அதற்குத்தான் அந்தப் புல்லாங்குழல். அது தூரமானி. துளைக்குள் பார்த்தால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். சக்கரத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் எத்தனை மீட்டர் என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து லென்ஸைக் கையால் திருகி வைக்க வேண்டும். தூரமானியைக் கேமராவின் தலையில் செருக ஒரு காலணி போன்ற பொருத்து உண்டு. 1932இல் லைகா இரண்டாம் மாடலில் தூரமானி உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் செருகுகிற அந்தப் பொருத்து மட்டும் போகவில்லை. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் டிஜிட்டல் கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம் இருக்கிறதல்லவா, அதன் பூர்வீகம் இதுதான்.

லைட்ஸ் நிறுவனம் ஒவ்வொரு உதிரிச் சாமானுக்கும் ஐந்து எழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தது. தூரமானி 'ஃபோடிஸ்'. வெயில் மறைக்க லென்ஸில் மாட்டும் வளையம் 'ஃபிசான்'. கீல் வைத்த தகடு 'ஆப்லான்'. பித்தளை உருளை 'ஃபில்கா'. கேட்டால் ஏதோ மந்திரம் போல இருக்கும். காரணம் மந்திரமில்லை, தந்தி. தந்திக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். "கிளம்பி வரவும்" என்று இரண்டே சொல்லில் அடித்துவிட்டு, என்னவோ ஏதோ என்று ஊரே பதறிய காலம். தூரத்து நாட்டிலிருக்கும் கடைக்காரர் "50 மில்லிமீட்டர் லென்ஸுக்கான வெயில் மறைப்பு வளையம்" என்று தந்தியடித்தால் கட்டுப்படியாகுமா? 'ஃபிசான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பழைய விலைப்பட்டியல்கள் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள்தான். பிற்காலத்தில் எண்கள் வந்துவிட்டன. ஆனாலும் சேகரிப்பவர்கள் இன்னும் பழைய தந்திப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள்.

பக்கக் கதை ஒன்று. லைகாவைப் பார்த்து அப்படியே செய்த கேமராக்கள் உண்டு. அவற்றில் பேர்போனது சோவியத் நாட்டின் 'ஃபெட்'. 1934 முதல் கார்கிவ் நகரில் செய்தார்கள். செய்தது யார் தெரியுமா? போரிலும் பஞ்சத்திலும் தெருவுக்கு வந்த அநாதைப் பிள்ளைகள். அவர்களுக்காக நடந்த தொழிற்பள்ளிக் குடியிருப்பு அது, அதை நடத்தியவர் ஆசிரியர் அன்டன் மகரென்கோ. பி.எட். படித்தவர்கள் இந்தப் பெயரைப் பரீட்சைக்காகவாவது மனப்பாடம் செய்திருப்பீர்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஜெர்மனியின் நுட்பமான கருவியைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. வருத்தம் என்னவென்றால், பின்னாளில் ஏமாற்றுக்காரர்கள் அந்த ஃபெட்டின் பெயரைச் சுரண்டிவிட்டு லைகா என்று செதுக்கி, தங்க முலாம் பூசி, போர்க்கால முத்திரை குத்தி விற்றார்கள், இன்னும் விற்கிறார்கள். தங்க நிறத்தில் லைகா மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்போது தோலுக்கு வருகிறேன். இங்கே என் சொந்தத் தோல்வியும் இருக்கிறது.

இந்த மாதிரிப் பையை ஜெர்மன்காரர்கள் தயார்நிலைப் பை என்றார்கள், ஆங்கிலத்தில் 'எவர்ரெடி கேஸ்'. கேமராவை வெளியே எடுக்காமல் முன்மூடியை மட்டும் கீழே தொங்கவிட்டுப் படமெடுக்கலாம். அடியில் ஒரு திருகு கேமராவைப் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் இந்தப் பையைப் பார்த்தவர்கள் அக்ஃபா கிளிக் 3 கேமராவோடு பார்த்திருப்பீர்கள். பரோடாவில் செய்து இந்தியா முழுக்க விற்றது. ஒரு சுருளில் 12 படம். ஒவ்வொரு படமும் ஒரு செலவு என்பதால் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பதை நிறுத்திய பிறகு அமுக்குவோம். பொத்தானைக் கழற்றி மூடியை இறக்குவதற்குள் குருவி பறந்துவிடும் என்பதால், இதை 'நெவர்ரெடி கேஸ்' என்று கேலி செய்வதும் உண்டு.

என் அப்பா வாங்கிய கிளிக் 3ஐ நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதாவது, பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தோல்பைக்குள் போட்டு, பொத்தானை அழுத்தி, பீரோவின் மேல்தட்டில், துணிக்குக் கீழே. பதினெட்டு வருஷம். திறந்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை பின்னியது போல வெள்ளை நூல்கள். பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அது முளைத்துவிடும். நம் கடலோர ஊர்களில் அதற்குக் கேட்க வேண்டுமா? தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் கிடையாது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அது கசியும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. தூசியும் அடியும் படாமல் காக்கத்தான் பை செய்தார்கள். தெருவில் அது காக்கும், பீரோவில் அதுவே கெடுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அப்பாவின் கேமரா போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தோலும் சாகாவரம் பெற்றதல்ல. தொட்டால் செம்மண் போல விரலில் ஒட்டுகிறதே, அதை ஆங்கிலத்தில் சிவப்பு அழுகல் என்பார்கள். தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்கு வரும் நோய். இதில் நமக்கு நேரான ஒரு தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகத் தோல் போனது. எல்லாம் நம் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டது. ஆவாரந்தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றிலும் முக்குவார்கள். அங்கே போய் அது காலணியானது, பையானது, புத்தக அட்டையானது. கொஞ்ச காலத்தில் நூலகங்களில் அட்டைகள் பொடியாக உதிர ஆரம்பித்தன. லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. 1901இல் வந்த அறிக்கை, ஆவாரம்பட்டை வகையைச் சேர்ந்த சாற்றில் பதனிட்ட இந்தியத் தோல் மிகச் சீக்கிரம் சிவந்து கெடுகிறது என்றது. சுமாக் இலைச் சாற்றில் பதனிட்டது நன்றாக உழைக்கிறது என்றும் சொன்னது. விளக்கு எரிந்த வாயுவின் புகையும் ஒரு காரணம் என்று கண்டார்கள். மலிவாக வாங்கியவர்களுக்குத் தோல் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்ற கவலை வாங்கும்போது இல்லை என்பது என் கருத்து.

பையின் பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல இருந்தால் அது களிம்பு. தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து வருவது. பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். பளபளப்பாகத் தெரியும், ஆனால் களிம்புக்கு அது தீனி.

சரி, ஏன் போன் போட்டேன் என்பதற்கு வருகிறேன். காரணம் அந்த மூன்று பித்தளை உருளைகள், ஃபில்கா.

இப்போது கடையில் வாங்கும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் உருளை 1934இல் கோடக் கொண்டுவந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். அதற்கு முன் லைகாக்காரர்கள் நீளச் சுருளை வாங்கி, இருட்டறையில் 36 படத்துக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம் வெட்டிக்கொள்வார்கள். ஆப்லான் தகட்டுக்குள் ஃபிலிமின் நுனியை வைத்துக் கத்தியால் சீவி நாக்கு போலச் செய்து, பித்தளை ஃபில்காவுக்குள் சுற்றி வைப்பார்கள். ஃபில்காவில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகள். கேமராவின் அடிமூடியைத் திருகிப் பூட்டினால் உள்கூடு திரும்பி வாய் திறக்கும், ஃபிலிம் எதிலும் உரசாமல் வெளியே வரும். மூடியைத் திறக்கத் திருகினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். வெளிச்சம் ஒரு இம்மியும் போகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம். எனவே 1934க்குப் பிறகும் சிக்கனக்காரர்கள் பல வருஷம் இதையே வைத்துக்கொண்டார்கள்.

மாணவனின் தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கர். சுதந்திரத்துக்குப் பின் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அந்த லைகாவை வாங்கியிருக்கிறார். 1978இல் பெரிய மகள் கல்யாணத்துக்காக விற்றுவிட்டார். வாங்கியவர் கேமராவையும் லென்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தத் தட்டுமுட்டுச் சாமான் எனக்கு வேண்டாம் என்றாராம். தாத்தா பையைப் பரணில் வைத்தார். பாட்டி டப்பாவை விபூதிக்கு எடுத்துக்கொண்டார்.

போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "உருளையை ஆட்டிப் பாரு, உள்ளே ஏதாவது ஆடுதா?" ஒன்று கடகடவென்று ஆடியது. காலி. இரண்டாவதைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சார், அதைக் காயலான் கடைப் பையன் முத்தத்துல வச்சுத் திருகித் திறந்துட்டான். உள்ளே சாம்பல் கலர்ல பட்டையா சுருட்டி இருந்துச்சு. குழந்தைங்க உருவி விளையாடினாங்க" என்றான்.

வெயிலில்.

அது அவன் தாத்தா எடுத்து, கழுவாமல் விட்ட சுருளாக இருந்திருக்கும். பொத்தானை அமுக்கியபோது விழுந்த உருவம், கழுவும் வரை கண்ணுக்குத் தெரியாமல் ஃபிலிமில் காத்திருக்கும். வருஷங்கள் போனால் மங்கும், புகை படியும், ஆனாலும் பல தசாப்தங்கள் தாண்டிக் கழுவி முகம் தெரிந்த சுருள்கள் உண்டு. வெளிச்சம் பட்டுவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நான் அவனைத் திட்டவில்லை. பதினெட்டு வருஷம் பீரோவில் பூட்டி வைத்த ஆள், திறந்து பார்த்த பையனை எந்த வாயால் திட்டுவது?

மூன்றாவது உருளை ஆடவில்லை. கனமாக இருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது என்றான். அதைக் கறுப்புத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். யாரும் கை வைக்கக் கூடாது என்று மேலே எழுதி ஒட்டச் சொன்னேன். "தாத்தாவோட ஃபிலிம், மாவு இல்லை" என்று அவன் மனைவி எழுதி ஒட்டியிருக்கிறாராம்.

அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பஞ்சம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் கறுப்பு வெள்ளைச் சுருள் வரத் தொடங்கியதே 1967இல்தான். அதனால் ஒவ்வொரு சுருளையும் முழுக்க எடுத்து முடித்துத்தான் தாத்தா கழுவக் கொடுத்திருப்பார். இது கேமராவை விற்கும் அவசரத்தில் பாதியில் எடுத்து வைத்த கடைசிச் சுருளோ என்னவோ. "அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாரையும் திண்ணையில நிக்க வச்சு ஒரு படம் எடுத்தாருன்னு அப்பா சொல்வாரு சார், அந்தப் படம் வீட்ல இல்லை" என்றான் மாணவன். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

காயலான் கடைக்காரருக்கு வேறு பழைய பாத்திரங்களைக் கொடுத்தாகிவிட்டது. பை, தூரமானி, வளையம், தகடு எல்லாம் அவனிடமே இருக்கின்றன. எனக்குத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அந்தத் தூரமானியைப் பார்த்ததும் கை அரித்தது உண்மை.

கறுப்பு வெள்ளைச் சுருளைக் கையால் கழுவுகிற பழைய நண்பர் ஒருவர் பொள்ளாச்சியில் இருக்கிறார். இவ்வளவு பழைய சுருளை ஒரேயடியாகக் கழுவக் கூடாது, இருட்டில் நுனியில் ஒரு சாண் வெட்டி, எத்தனை நிமிஷம் என்று சோதித்துப் பார்த்த பிறகே மீதியைத் தொட வேண்டும் என்கிறார். அந்த ஒரு சாணில் நாலைந்து படம் போய்விடலாம். முதல் நுனியா, கடைசி நுனியா, எதை வெட்டுவது என்று மாணவனின் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு 74 வயது. அடுத்த ஞாயிறு நானும் மாணவனும் அவரைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி போகிறோம். வந்து எழுதுகிறேன்.

அதற்குள் உங்கள் வீட்டுப் பரணில் தோல்பை ஏதாவது இருந்தால் கேமராவை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் முதுகைத் திறக்காதீர்கள், எனக்குப் படம் அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வேண்டாம்.